உழைச்செல்வார்

நோய் தீர்வதற்கு நான்கு கூறுகள் வேண்டும் என வகுத்தவர் திருவள்ளுவர். 'மருந்து' அதிகாரத்தின் இறுதிக் குறளில் (950) நோயுற்றவர், நோயைத் தீர்க்கும் மருத்துவர், மருந்து, அருகிருந்து பேணுபவர் என்று அவர் எண்ணிக் காட்டுகிறார். நான்காமவருக்கு அவர் தரும் பெயர் 'உழைச்செல்வான்'. உழை என்றால் பக்கம். நோயாளியின் பக்கத்தில் நின்று பணி செய்பவர் என்பது பொருள். மருத்துவருக்கும் மருந்துக்கும் ஒப்ப இவருக்கும் ஒரு கூறு தந்திருப்பதை வகுப்பில் இக்குறளைச் சொல்லும்போதெல்லாம் நான் மாணவியர்க்கு எடுத்துக்காட்டுவதுண்டு.

இன்று நாம் வழங்கும் 'செவிலியர்' என்னும் சொல்லும் பழைய சொல்லே. சங்க அகப்பாடல்களில் தலைவியை வளர்த்தெடுப்பவள் செவிலித்தாய். பெறாமல் தாயானவளின் பெயரை நோயாளியைப் பேணுபவருக்குச் சூட்டியிருக்கிறது நம் மொழி. ஆனால் சொல்லுக்குக் கொடுத்த மதிப்பை அத்தொழிலைக் கற்கச் செல்லும் பெண்ணுக்கு நாம் கொடுத்திருக்கிறோமா? இவ்வினாவை எழுப்பியது என் தங்கையின் கல்வி. அமெரிக்க நாட்டில் சிகாகோ நகரையொட்டிய ஒரு சமுதாயக் கல்லூரியில் அவள் செவிலியம் பயின்ற காலமெல்லாம் தொலைபேசியில் நான் கேட்டறிந்தவற்றை இம்மலரின் வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன். கடல் கடந்து செல்லும் நம் வீட்டுப் பெண்கள் பலர் அங்கே இவ்வாயிலைத் தட்டுகின்றனர். உள்ளே என்ன காத்திருக்கிறது என்பதை முன்னரே அறிவது நலம்.

சமுதாயக் கல்லூரி என்பது யாது?

அமெரிக்காவில் பள்ளிப் படிப்பை முடித்தோர்க்கு இரண்டாண்டுக் கல்வி அளிக்கும் உள்ளூர்க் கல்லூரிகளே சமுதாயக் கல்லூரிகள். இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட் நகரில் 1901ஆம் ஆண்டு தோன்றிய கல்லூரியே இவற்றுள் பொதுத்துறையில் மிகப் பழமையானது. இன்று நாடு முழுவதும் சற்றேறக்குறைய ஆயிரம் உள்ளன. வட்டாரத்தில் குடியிருப்போர்க்குக் கட்டணம் குறைவு. வயது வரம்பில்லை. பகலில் வேலை பார்ப்பவர் மாலையில் படிக்கலாம். தமிழ்நாட்டிலும் 1990களின் பிற்பகுதியில் இதே பெயரில் கல்லூரிகள் தோன்றின. அவை பெரும்பாலும் குறுகிய காலத் தொழிற்சான்றிதழ் அளிப்பவை என்பதால் இரண்டையும் ஒன்றாக எண்ணுதல் கூடாது.

செவிலியக் கல்வி அங்கே இக்கல்லூரிகளுக்குள் வந்ததற்கு ஒரு வரலாறு உண்டு. முன்பு மருத்துவமனைகளே மூன்றாண்டுப் பயிற்சிப் பள்ளிகளை நடத்தின. மாணவியர் படித்ததைவிட நோயாளிக் கூடங்களில் ஊதியமின்றி உழைத்ததே மிகுதி. இரண்டாம் உலகப்போருக்குப் பின் செவிலியர் பற்றாக்குறை கடுமையாயிற்று. அந்நிலையில் கொலம்பியா பல்கலைக்கழக ஆசிரியர் கல்லூரியைச் சேர்ந்த மில்ட்ரட் மாண்டாக் அம்மையார், கல்லூரி வளாகத்திலேயே இரண்டாண்டில் செவிலியரை உருவாக்க இயலும் என்று 1951இல் தம் ஆய்வில் முன்மொழிந்தார். 1952இல் சில கல்லூரிகளில் அது சோதனைத் திட்டமாகத் தொடங்கப்பெற்று வெற்றி கண்டது. இரண்டாண்டு முடித்தவரும் நான்காண்டுப் பட்டம் பெற்றவரும் ஒரே உரிமத் தேர்வைத்தான் எழுதுகின்றனர் என்பது ஈண்டுக் குறிக்கத்தக்கது.

தங்கை ஏன் இதைத் தேர்ந்தாள்?

அவள் இங்கே விலங்கியலில் இளநிலைப் பட்டம் பெற்றவள். மணமாகி 2010இல் அந்நாடு சென்றாள். 2016இல் எங்கள் வாப்பா பக்கவாதத்தால் படுத்தபோது பிள்ளைகளோடு ஊர் வந்து நாற்பது நாள் மருத்துவமனையில் உடனிருந்தாள். அங்கே பணியாற்றிய செவிலியப் பெண் ஒருவர் இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை வந்து வாப்பாவைப் புரட்டிப் படுக்க வைப்பார். ஒவ்வொரு முறையும் முதுகந்தண்டின் அடிப்பகுதியை விளக்கொளியில் பார்ப்பார். தோல் சிவந்திருக்கிறதா என்று விரலால் அழுத்திப் பார்ப்பார். நள்ளிரவு இரண்டு மணிக்கும் அவர் வராமலிருந்ததில்லை. படுக்கையிலேயே கிடந்த வாப்பாவுக்குக் கடைசிவரை ஒரு படுக்கைப்புண் வரவில்லை. எட்டு மாதம் கழித்து வாப்பா இறையடி சேர்ந்தார்கள். "லாத்தா, நமக்கு அவர்கள் யார்? எதற்காக அந்த நேரத்தில் எழுந்து வந்தார்கள்?" என்று தங்கை பலமுறை கேட்டிருக்கிறாள்.

2019இல், தன் முப்பத்து மூன்றாம் வயதில், அவள் செவிலியம் படிக்க முடிவு செய்தபோது உறவினரிடையே சலசலப்பு எழுந்தது. "பட்டம் படித்த பிள்ளை போயும் போயும் மலம் அள்ளவா போகிறது?" என்று ஒரு பெரியவர் வீட்டிற்கே வந்து கேட்டார். உம்மா நிதானமாகச் சொன்ன விடை இது: "அவள் வாப்பாவுக்கு ஒருத்தி அள்ளினாளே, அவளும் ஒரு வீட்டுப் பிள்ளைதானே!" பெரியவர் தேநீரைக் குடித்துவிட்டுப் புறப்பட்டார்.

வாயிலுக்கு முன் ஒரு வாயில்

சமுதாயக் கல்லூரியில் யாரும் சேரலாம். ஆனால் அதனுள் இருக்கும் செவிலியப் பிரிவில் யாரும் சேர்ந்துவிட முடியாது. பலரும் ஏமாறும் இடம் இதுவே. உடற்கூற்றியலும் உடலியங்கியலும் இரண்டு பருவங்கள், நுண்ணுயிரியல், உளவியல், ஆங்கிலக் கட்டுரை, பல இடங்களில் வேதியியல் ஆகியவற்றை முதலில் தனியே முடிக்க வேண்டும். அம்மதிப்பெண்களோடு நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணும் சேர்த்தே இடம் ஒதுக்குகிறார்கள். இடங்கள் குறைவு, விண்ணப்பங்கள் மிகுதி. எனவே இரண்டாண்டுப் படிப்பு என்பது நடைமுறையில் மூன்றாண்டு, நான்காண்டு ஆகிவிடுகிறது. என் தங்கைக்கும் நான்காண்டு ஆயிற்று. இங்கே படித்த விலங்கியல் அவளுக்குப் பாடத்தை எளிதாக்கியது. எனினும் அவள் விண்ணப்பித்த பிரிவின் விதிப்படி பழைய மதிப்பெண்கள் ஏற்கப்படவில்லை. எலும்புகளின் பெயர்களை முப்பத்து மூன்று வயதில் மீண்டும் முதலிலிருந்து படித்தாள்.

சில கல்லூரிகள் செவிலிய உதவியாளர் சான்றிதழையும் முன்கூட்டியே கேட்கின்றன. தங்கை 2021இன் தொடக்கத்தில் அதைப் பெற்று முதியோர் பேணகம் ஒன்றில் பணியாற்றினாள். குளிப்பாட்டுதல், உணவூட்டுதல், பல் துலக்கிவிடுதல், உடை மாற்றுதல் ஆகியவையே அங்கு வேலை. பெருந்தொற்றுக் காலம் முற்றும் நீங்காத நாட்கள் அவை. இத்தொழில் தனக்கு ஏற்றதா என்று அறிய விரும்புவோர், புத்தகம் வாங்குவதற்கு முன் இவ்வேலையைச் சில மாதம் செய்து பார்ப்பது நல்லது என்பது அவள் கருத்து.

இடம் கிடைத்தபின் தாள்களின் ஊர்வலம் தொடங்கும். குற்றப் பின்னணிச் சோதனை, போதைப்பொருள் சோதனை, உயிர்காப்பு முதலுதவிச் சான்றிதழ், தட்டம்மை முதல் கல்லீரல் அழற்சி வரை தடுப்பூசிச் சான்றுகள் அனைத்தும் வேண்டும். காசநோய்ச் சோதனையில் நம்மவர்க்கு ஒரு சிக்கல் உண்டு. குழந்தைப் பருவத்தில் நாம் போட்டுக்கொண்ட பி.சி.ஜி. தடுப்பூசியின் விளைவாகத் தோலில் செய்யும் சோதனை, நோயில்லாதபோதும் நோயிருப்பதுபோல் காட்டக்கூடும். அதற்கு அஞ்ச வேண்டியதில்லை. குருதிச் சோதனைக்கு அக்குழப்பம் இல்லை. முதலிலேயே அதைக் கேட்டுப் பெறலாம்.

மனப்பாடம் உதவாத வகுப்பறை

2021 இலையுதிர்காலப் பருவத்தில் தங்கை செவிலியப் பிரிவில் நுழைந்தாள். பத்தொன்பது வயதுப் பெண்ணும் ஐம்பது வயதைத் தொட்ட ஆணும் ஒரே வரிசையில் அமர்ந்திருந்தனர். தேர்ச்சி மதிப்பெண் நம் ஊர்போல் முப்பத்தைந்து அன்று. பெரும்பாலான இடங்களில் எழுபத்தைந்துக்கும் எண்பதுக்கும் இடைப்பட்டது. பள்ளியிலும் கல்லூரியிலும் முதல் மாணவியாக இருந்த என் தங்கை இரண்டாம் பருவத்தின் முதல் தேர்வில் அந்த எல்லையைத் தொடவில்லை. மீண்டும் ஒரு பாடத்தில் தவறினால் ஒரே ஒரு மறுவாய்ப்பு. அதிலும் தவறினால் பிரிவைவிட்டு வெளியேற வேண்டியதுதான். அன்றிரவு அவள் பேசியபோது குரல் உடைந்திருந்தது.

பாடம் தெரியாமல் அவள் தவறவில்லை. வினாவின் தன்மையே வேறு. நான்கு நோயாளிகள் இருக்கிறார்கள்: ஒருவர் அறுவைக்குப் பின் வலிமருந்து கேட்கிறார், ஒருவர் வீடு செல்லத் தாள்களுக்குக் காத்திருக்கிறார், ஒருவருக்கு உணவுக்கு முன் இன்சுலின் தர வேண்டும், ஒருவருக்குத் திடீரென மூச்சுத் திணறுகிறது. முதலில் யாரிடம் செல்வாய்? நால்வருக்கும் செய்ய வேண்டியது உண்டு. எது முதல் என்பதே தேர்வு. இவ்வினாவில் விடை வெளிப்படை. ஆனால் தாளில் வரும் வினாக்களில் இரண்டு விடைகள் நெருங்கி நிற்கும். நூலில் உள்ளதை ஒப்பிப்பதில் தேர்ந்த நம் பிள்ளைகள் இங்கேதான் தடுமாறுகின்றனர். தங்கை அதன்பின் ஒவ்வொரு நோயையும் படிக்கும்போது, 'இவரை இந்நொடி எது கொல்லக்கூடும்? நான் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?' என்று கேட்டுப் படிக்கத் தொடங்கினாள். வகுப்புத் தோழியர் மூவருடன் வாரம் இருமுறை அமர்ந்து, சரியான விடை ஏன் சரி என்பதோடு தவறான விடை ஏன் தவறு என்பதையும் வாய்விட்டு விளக்கிப் பழகினாள். அப்பருவம் கரையேறிற்று.

மருந்துக் கணக்கு மற்றொரு வாயில். பல பிரிவுகளில் இதற்குத் தொண்ணூறு விழுக்காடு வேண்டும். சிலவற்றில் நூற்றுக்கு நூறு. ஆயிரம் மில்லி லிட்டர் நீர்மத்தை எட்டு மணி நேரத்தில் செலுத்த வேண்டுமாயின் மணிக்கு 125. ஒரு மில்லி லிட்டருக்குப் பதினைந்து சொட்டு விழும் குழாயெனில் நிமிடத்திற்கு 31 சொட்டு. கணக்கு எளிது, எழுதும் முறையும் கணக்கின் பகுதி என்பதுதான் புதிது. அரை மில்லி கிராம் என்பதை 0.5 என்று எழுத வேண்டும்; முன்னுள்ள சுழியை விட்டால் புள்ளி கண்ணுக்குத் தப்பி ஐந்தாகிவிடும். ஐந்து என்பதை 5.0 என்று எழுதலாகாது. புள்ளி மறைந்தால் ஐம்பது. ஒற்றுப் பிழையால் பொருள் மாறும் என்று நாற்பது மாணவியர்க்கு நான் நாள்தோறும் சொல்கிறேன். அங்கே ஒரு புள்ளிப் பிழையால் உயிரே போகும்.

நோயாளியின் அருகே

வகுப்போடு கூடவே மருத்துவமனைப் பயிற்சி நடக்கும். அதற்கு முன் ஆய்வுக்கூடத்தில் மூச்சுவிடும், முனகும், இதயத் துடிப்பு மாறும் பொம்மைகளை வைத்துப் பழக்குகிறார்கள். பின்னர்க் காலை ஆறரைக்கே மருத்துவமனையில் நிற்க வேண்டும். நகப்பூச்சு கூடாது, கல்லூரிக்கென உரிய நிறத்தில் சீருடை. தங்கை அதனுள் முழுக்கை உள்ளாடை அணிந்து, கைகழுவும்போது முழங்கை வரை ஏற்றிக்கொள்வாள். முக்காட்டை முனைகள் தொங்காமல் சீருடைக்குள் செருகிக்கொள்வாள். நாள்தோறும் துவைத்த துணியாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர அவளது பிரிவில் வேறு நிபந்தனை இடவில்லை. சேருமுன்னரே இதைக் கேட்டுத் தெளிந்துகொள்வது நல்லது.

ஒவ்வொரு மருந்துக்கும் முன் நோயாளியின் பெயரையும் பிறந்த நாளையும் அவர் வாயாலேயே கேட்க வேண்டும். காலையில் பத்துமுறை பார்த்த முகமாயினும் மீண்டும் கேட்க வேண்டும். உரிய நோயாளி, உரிய மருந்து, உரிய அளவு, உரிய வழி, உரிய நேரம் என்னும் ஐந்தும் பொருந்தினாலன்றி மருந்து கை மாறாது. நோயாளியைப் பற்றிய எதையும் வெளியே சொல்லலாகாது என்று 1996ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. இரண்டாண்டுகள் என்னிடம் நோய்களைப் பற்றி மணிக்கணக்கில் பேசிய தங்கை, ஒரு நோயாளியின் பெயரையோ ஊரையோ சொன்னதில்லை. அமானிதம் பேணுதல் என்று நாம் நூலில் படிப்பதை அவள் தொழிலாகச் செய்துகொண்டிருந்தாள்.

மாணவியர் எதிர்கொள்ளும் கடினமான நாள், முதல் மரணத்தைக் காணும் நாள். ஒரு மூதாட்டி இறந்தபோது உடலைத் தூய்மை செய்ய உதவுமாறு மூத்த செவிலியர் அழைத்தார். சில மாணவியர் பின்வாங்கி நின்றனர். தங்கை முன்சென்றாள். எங்கள் வாப்பும்மா இறந்தபோது மையித்தைக் குளிப்பாட்டிய பெண்களுக்கு நீர் ஊற்றிக் கொடுத்தவள் அவள். அந்த மூத்த செவிலியர், உயிரோடிருப்பவரிடம் சொல்வதுபோலவே, "இப்போது உங்களை இந்தப் பக்கம் திருப்புகிறேன்" என்று மெல்லச் சொல்லிச் சொல்லித் திருப்பினாராம். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்ததாம். "நம் வீட்டிலும் இப்படித்தானே லாத்தா, மெதுவாக என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள்" என்று சொல்லிவிட்டு அவள் வெகுநேரம் பேசவில்லை.

இறுதிப் பருவத்தில், 2023 ரமலானில், பன்னிரண்டு மணி நேரப் பயிற்சி நாட்கள் வந்தன. பணி முடிந்து அடுத்தவரிடம் ஒப்படைக்கும் நேரமும் நோன்பு திறக்கும் நேரமும் அங்கே ஏறத்தாழ ஒன்றாயிருந்தன. சட்டைப்பையில் பேரீச்சம்பழம் ஒன்றுடன் நோயாளிகளின் நிலையை ஒப்பித்துக்கொண்டிருப்பாள். சில நாட்களில் உடன் பயின்ற கிறித்தவப் பெண் தண்ணீர்க் குவளையை அவள் கையில் வைத்துவிட்டு மீதியைத் தாம் ஒப்பித்திருக்கிறார்.

பெரியவர்களின் வினா

அந்நிய ஆடவரைத் தொட்டுப் பணி செய்வது முறையா என்று பெரியவர்கள் கேட்பது இயல்பு. மார்க்கத் தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை. அதை ஆலிம் பெருமக்களிடம் கேட்டுத் தெளிய வேண்டும். நான் அறிந்த இரண்டைச் சொல்வேன். அகழிப் போரில் (ஹிஜ்ரி 5) காயமுற்ற ஸஃது இப்னு முஆத் (ரலி) அவர்கள், மதீனாப் பள்ளிவாசலில் அமைந்த ருஃபைதா (ரலி) அம்மையாரின் கூடாரத்தில் வைத்துப் பேணப்பட்டார்கள் என வரலாறு கூறுகிறது. நோயாளியைப் பேணும் பெண் நம் வரலாற்றுக்குப் புதியவள் அல்லள்.

மற்றொன்று நம் நடைமுறை. பிரசவ அறையில் நம் பெண்களுக்குப் பெண்ணே வேண்டும் என்று வற்புறுத்துகிறோம். அப்பெண் யார் வீட்டிலிருந்து வருவாள் என்று எண்ணிப் பார்ப்பதில்லை. பிறர் தம் மகளைப் படிக்க வைத்து அனுப்ப வேண்டும், நம் மகளுக்கு அத்தொழில் ஆகாது என்பது நீதியாகுமா? திரை இழுத்தல், ஒப்புதல் கேட்டல், தேவைப்படும் உறுப்பை மட்டும் திறந்து பிறவற்றைப் போர்த்திவைத்தல் ஆகியன அங்கே முதற்பாடம். அவற்றில் தவறினால் செய்முறைத் தேர்விலேயே மதிப்பெண் குறையும். நாணத்தைப் பேணுதல் இக்கல்விக்கு வெளியே நிற்பதன்று.

உரிமமும் அதன் பின்னும்

2023 மே மாதம் தங்கை பட்டயம் பெற்றாள். ஆனால் பட்டயம் பெற்றவர் செவிலியர் ஆகிவிடுவதில்லை. நாடு தழுவிய உரிமத் தேர்வை எழுத வேண்டும். 1994 முதல் அது கணினித் தேர்வு. விடைக்கேற்ப அடுத்த வினாவின் கடுமை மாறும். 2023 ஏப்ரல் முதல் புதிய வடிவில், ஒரு நோயாளியின் நிலையைத் தொடர்ந்து ஆராயும் வினாக்கள் சேர்ந்தன. குறைந்தது 85 வினா, மிகுந்தால் 150. ஐந்து மணி நேரம். தங்கைக்கு 85இல் கணினித் திரை நின்றுவிட்டது. தேறினாளா தவறினாளா என்று அறியாமல் இரண்டு நாள் எங்கள் வீட்டில் யாருக்கும் உறக்கமில்லை. தேறியிருந்தாள். இப்போது ஒரு மருத்துவமனையின் இதயநோய்ப் பிரிவில் பணியாற்றிக்கொண்டே இளநிலைப் பட்டத்திற்குப் படித்து வருகிறாள். பல மருத்துவமனைகள் பட்டத்தையே விரும்புகின்றன. நியூயார்க் மாநிலமோ உரிமம் பெற்ற பத்தாண்டுக்குள் பட்டம் பெற வேண்டும் என 2017இல் சட்டமே இயற்றியது. எனவே இரண்டாண்டுக் கல்வியைப் படிக்கட்டாகக் கொள்வதே பொருத்தம்.

மாணவச் செல்வங்களே! இக்கல்விக்காகக் கடல் கடக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இந்நாட்டிலேயே மூன்றாண்டுப் பட்டயப் படிப்பும் நான்காண்டு இளநிலைப் படிப்பும் உள்ளன. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி 1946 முதலே செவிலியத்தில் பட்டம் வழங்கும் கல்வியை நடத்தி வருகிறது. எங்கே சேர்ந்தாலும் சேருமுன் ஒரு நோயாளியின் அருகே சில நாள் இருந்து பாருங்கள். கணக்கை வெறுக்காதீர்கள். குடும்பத்தாரிடம் முன்னரே பேசிச் சமையலையும் பிள்ளைகளையும் யார் பார்ப்பது என்று முடிவு செய்துகொள்ளுங்கள். என் தங்கையின் கணவர் இரண்டாண்டு இரவுச் சமையலை ஏற்றிராவிட்டால் அவள் இறுதிப் பருவத்தைக் கண்டிருக்க மாட்டாள். சமுதாயப் பெரியவர்களே! பொறியியலுக்கும் மருத்துவத்திற்கும் கல்வி உதவி வழங்கும் நம் அறக்கட்டளைகளின் விண்ணப்பத் தாளில் செவிலியத்திற்கும் ஒரு வரி சேருங்கள். ஆண்டுக்கு ஓர் ஊரிலிருந்து இரண்டு பெண்கள் அவ்வரியை நிரப்பினால் போதும்.

வாப்பாவைப் புரட்டிப் படுக்க வைத்த அந்தச் செவிலியப் பெண்ணின் பெயரை உம்மா இன்றும் தம் துஆவில் சொல்கிறார்கள். அவர் எம்மார்க்கத்தவர் அல்லர். எங்கிருந்தாலும் வல்ல இறைவன் அவருக்கு நலமும் நீண்ட ஆயுளும் அருள்வானாக!